பித்தளைத் தகட்டோடு மேலணைக்கு

இதைப் படிக்கப்போகிற எல்லோரும் முதலில் என் கையெழுத்தை மன்னிக்க வேண்டும். வரிகள் ஓரிடத்தில் மேடேறுகின்றன, ஓரிடத்தில் பள்ளத்தில் இறங்குகின்றன. நாற்பது வருஷம் ஜட்காவில் கடிவாளம் பிடித்த கை இது. பேனாவையும் அப்படியே இறுக்கிப் பிடிக்கிறது, பேனா சண்டி பண்ணுகிறது. போன ஐப்பசியில்தான் உறையூர் இரவுப் பள்ளியில் சேர்ந்து முதல் எழுத்துப் போட்டேன். இப்போது ஒரு பக்கம் எழுத ஒரு மாலைப்பொழுது ஆகிறது. ஆகட்டும். எழுதி முடித்த பக்கத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கும்போது வருகிற சந்தோஷத்துக்கு அது ஒன்றும் அதிகமில்லை.

நம் படிப்பகத்துக் கையெழுத்துப் பத்திரிகைக்குப் பயணக் கட்டுரை கேட்டவர் வாத்தியார். "மருதை, நீங்க போகாத ரோடா? போறவங்களுக்கு உபயோகமா எழுதுங்க. எத்தனை மணிக்குக் கிளம்பணும், எத்தனை மைல், என்ன செலவு, எல்லாம் இருக்கணும்" என்றார். அதனால் போன ஞாயிற்றுக்கிழமை மேலணைக்குப் போய்வந்ததை எழுதுகிறேன். முக்கொம்பு என்று நீங்கள் சொல்வதைத்தான் எங்கள் காலத்து ஆட்கள் மேலணை என்போம். காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிற இடம்.

நாங்கள் காற்று வாங்கப் போகவில்லை. மீன் பிடிக்கப் போனோம். மீன் கிடைக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே நான் வண்டி ஓட்டினேன்.

இது விளங்க, சேஷாத்ரி ஐயங்காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்ரீரங்கம் கிழக்குச் சித்திரை வீதிக்காரர். ரயில்வே ஆபீசில் குமாஸ்தா வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரை வீட்டிலிருந்து ஆபீசுக்கும் ஆபீசிலிருந்து வீட்டுக்கும் இருபது வருஷத்துக்கு மேல் ஏற்றி இறக்கியவன் நான். நான் 'சாமி' என்பேன், அவர் 'ஏண்டா மருதை' என்பார். இரண்டு பேருக்கும் இப்போது எழுபதை ஒட்டிய வயது. அவர் வீட்டு அம்மா காலமான பிறகு அவர் தனியாகத்தான் இருக்கிறார். ஒரே பிள்ளை, கண்ணன் என்று பெயர், டில்லியில் சர்க்கார் உத்தியோகம். அவரைச் சின்ன வயதில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவனும் நான்தான். அதனால் எனக்கு அவர் இன்றைக்கும் 'சின்ன சாமி'.

சின்ன சாமி ஒரு மாத லீவில் வந்தார். அப்பாவை டில்லிக்கே கூட்டிப் போய்விட வேண்டும் என்று வந்தார். நல்ல பிள்ளை. அப்பா தனியாகச் சமைத்துச் சாப்பிடுவதைப் பார்க்க அவருக்கு மனசு கேட்கவில்லை. சாமிக்கோ ஸ்ரீரங்கத்தை விட்டுப் போக விருப்பமில்லை, பிள்ளை முகத்தைப் பார்த்து 'வரமாட்டேன்' என்று சொல்லவும் முடியவில்லை. தினமும் ஒரு சாக்குச் சொன்னார். பல்வலி என்றார். உற்சவம் என்றார். கடைசியில் ஒரு நாள் எரிச்சலில், "தகட்டுல இன்னும் ஒரே ஒரு வாளை மீன் பிடிச்சுட்டேன்னா மறுநாளே உன்னோட வண்டியேறறேன். பெருமாள் மேல ஆணை" என்று சொல்லிவிட்டார்.

அவர் கடைசியாக வாளை பிடித்து ஐந்து வருஷம் இருக்கும். தோள்வலி வந்த பிறகு தூண்டில் கழியை எடுக்கவே இல்லை. இனி எங்கே பிடிக்கப்போகிறோம் என்ற தைரியத்தில் சொன்ன வார்த்தை அது. ஆனால் சின்ன சாமி டில்லியில் ஃபைல் பார்க்கிறவர். சொன்ன வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். அன்று மாலையே உறையூருக்கு வந்து என் வீட்டு வாசலில் நின்றார்.

"மருதை, ஞாயித்துக்கிழமை வண்டி கட்டுங்க. எங்க போட்டா வாளை மாட்டும்னு உங்களுக்குத் தெரியும். அப்பாவுக்கு ஒண்ணே ஒண்ணு மாட்டிட்டாப் போதும். திங்கட்கிழமை ரயில்ல அவருக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கியாச்சு" என்றார்.

அவர் என்னை 'நீங்க' என்று சொன்னதில் கூச்சப்பட்டு, "சரிங்க சின்ன சாமி" என்று சொல்லிவிட்டேன். அவர் தெருமுனை திரும்பிய பிறகுதான் எதற்குச் சரி சொன்னேன் என்று உறைத்தது.

தகட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது எங்கள் கைக்கு வந்தபோது மேட்டூரில் அணை கட்டவில்லை. சித்திரை, வைகாசியில் காவிரி மணலாகக் கிடக்கும். அங்கங்கே ஆழமான மடுவில் மட்டும் தண்ணீர் நிற்கும், மீனெல்லாம் அதில் ஒண்டிக்கொண்டிருக்கும். சாமியின் ஆபீசில் இருந்த ஒரு துரை சீமைக்குத் திரும்பியபோது தம்முடைய தூண்டில் பெட்டியைச் சாமியிடம் கொடுத்துவிட்டுப் போனார். வாங்குகிறவர் மீன் தொடாத ஜாதி என்று துரைக்குத் தெரியவில்லையோ, தெரிந்தும் வேடிக்கையாகக் கொடுத்தாரோ. மறுக்கவும் முடியாமல் வீட்டுக்கு எடுத்துப் போகவும் முடியாமல் சாமி அந்தப் பெட்டியை என் வண்டியில் வைக்கோலுக்குக் கீழே வைத்தார். பல நாள் அது அங்கேயே இருந்தது.

ஒரு நாள் திறந்து பார்த்தோம். மூன்று துண்டாகக் கழற்றி மாட்டுகிற மூங்கில் கழி. நூல் சுற்றிய பித்தளை ராட்டினம். அப்புறம் ஒரு டப்பாவில் பிடி ஒடிந்த கரண்டி போல நாலைந்து தகடுகள், ஒவ்வொன்றின் வாலிலும் மூன்று கொக்கி முள். புழுவுக்குப் பதில் இந்தத் தகட்டைத் தண்ணீரில் எறிந்து இழுக்க வேண்டும். அது புரண்டு புரண்டு வரும்போது ஒரு பக்கம் மின்னும், மறுபக்கம் மங்கும். அடிபட்ட கெண்டை நீந்துகிறது என்று நினைத்து வாளை பாய்ந்து கவ்வும். இதையெல்லாம் சாமி ஆபீசில் விசாரித்து வந்து சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"புழு கிடையாது, தவளை கிடையாதுடா மருதை. ஒரு ஜீவனைக் குத்தி இன்னொரு ஜீவனைப் பிடிக்கிற பாபம் இல்லை. வெறும் பித்தளை. பாத்திரம் அலம்பற மாதிரி அலம்பிட்டு வந்துடலாம்."

"மாட்டற மீனு, சாமி?"

"அது தானா வந்து வாயை வெச்சா நான் என்னடா பண்ணுவேன்?"

அப்படித்தான் ஆரம்பித்தது. கோடைதோறும் ஞாயிற்றுக்கிழமை மேலணை. ஏகாதசியன்று தகடு தண்ணீரில் இறங்காது. மாட்டிய மீனை அவர் தொடமாட்டார். முள்ளை எடுப்பது என் வேலை. சின்னதானால் தண்ணீருக்கு, பெரியதானால் என் வீட்டுக் குழம்புக்கு. பிறகு அவர் ஆற்றில் முழுகி, புதிதாகத் திருமண் இட்டுக்கொண்டு வண்டியேறுவார். துரையின் தகடுகள் ஒவ்வொன்றாகப் பாறையில் மாட்டிப் போன பிறகு, ஒரு பழைய பித்தளைக் கரண்டியின் கிண்ணத்தை வெட்டி, கடைவீதிப் பாத்திரக்காரரிடம் அதே வளைவில் தட்டி வாங்கினோம். துரை தகட்டைவிட அது நன்றாகப் புரண்டது. இன்றைக்கும் அதே தகடுதான்.

ஒரு நாள் திரும்பி வரும்போது சாமி குரலைத் தாழ்த்தி, "எப்படிடா இருக்கும்?" என்றார்.

"எது, சாமி?"

"அதான்... உங்காத்துக் குழம்பு."

"முள்ளு கம்மி சாமி. வெண்ணெயாட்டம் கரையும்."

"சரி சரி, ரோட்டைப் பார்த்து ஓட்டு" என்றார்.

மீன் பிடிப்பதில் அவருக்கு இரண்டு கண்டிப்பு உண்டு. ஒன்று, மீன் மாட்டிய பிறகு நூல் தொய்யவே கூடாது. தொய்ந்தால் வாளை தலையை ஓர் உதறு உதறித் தகட்டைத் துப்பிவிடும். ஒரு தடவை கழியை என் கையில் கொடுத்தார். நான் நூலைத் தொய்யவிட்டு மீனைக் கோட்டைவிட்டேன். வீடு வரை திட்டு. இரண்டாவது, கரை ஏறாத மீன் பிடித்த மீன் ஆகாது. ஒரு பெரிய வாளை கரை ஓரத்தில் வந்து தப்பிப் போனதை, சாமி பிடித்தார் என்று நான் வண்டி ஸ்டாண்டில் அளந்துவிட்டேன். அவர் அங்கேயே எல்லோர் எதிரிலும், "கரை ஏறலைடா. பிடிக்கலை. இல்லாததைச் சொல்லாதே" என்றார். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி பயணம். சனிக்கிழமை சாயங்காலம் தகட்டைத் துலக்க உட்கார்ந்தேன். புளியும் செங்கல் பொடியும் போட்டு ஒரு பக்கத்தை மட்டும் பளிச்சென்று தேய்க்க வேண்டும். அந்த நாளிலிருந்து இது என் வேலை. ஐந்து வருஷத்தில் தகடு கறுத்துப் போயிருந்தது. அப்படியே விட்டால் எந்த வாளையும் திரும்பிப் பார்க்காது. தேய்க்காமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரி முறத்தோடு எதிரே உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "என்ன, தகட்டைத் தடவிக்கிட்டே இருக்கீங்க? நாளைக்கு மீனு வந்தாக் குழம்பு. வரலைன்னா சாமி இங்கயே இருப்பாரு. எது வேணும்னு முடிவு பண்ணிட்டுத் தேயுங்க" என்றாள்.

"நீ என்னடி சொல்றே?"

"எனக்கென்ன? வாளைக் குழம்பு தின்னு ரொம்ப நாளாச்சு" என்று சிரித்தாள். பிறகு, "அவரு போயிட்டா நீங்க ஞாயித்துக்கிழமை எங்க போவீங்க? இங்கதான் என் காலைச் சுத்திக்கிட்டுக் கெடப்பீங்க. அது மீனை விடத் தொந்தரவு" என்றாள்.

கடைசியில் தேய்த்துவிட்டேன். மங்கின தகட்டோடு சாமி மடுவில் நிற்பதை நினைத்துப் பார்க்க முடியவில்லை. முகம் தெரிகிற மாதிரி தேய்த்தேன்.

ஞாயிறு விடியற்காலை மூன்று மணிக்கு உறையூரில் கிளம்பினேன். பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் சேர ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. என் குதிரை செவலைக்கும் வயதாகிவிட்டது, விரட்ட மனமில்லை. சாமி குளித்துத் திருமண் இட்டுக்கொண்டு தயாராக நின்றார். கையில் துணி உறை போட்ட தூண்டில் கழி. விஸ்வரூப தரிசனத்துக்குக் கிளம்பிய எதிர்வீட்டுக்காரர் அதைப் பார்த்து, "என்ன ஓய், குடைக்கம்பா? எந்த உற்சவத்துக்கு?" என்றார்.

"மேலணைக்குக் காத்து வாங்கப் போறேன் ஓய்."

"காத்து வாங்கக் கம்பு எதுக்கு?"

"வயசாச்சோன்னோ, ஊணிக்கத்தான்" என்று சாமி சட்டென்று ஏறி உட்கார்ந்துகொண்டார். இருபது வருஷமாக அந்தத் தெருவுக்கு அது குடைக்கம்புதான்.

நான்கு மணிக்குக் கிளம்பி, மறுபடி பாலம் தாண்டி, கரூர் ரோட்டில் மேற்கே திரும்பினோம். இடப்பக்கம் ரயில் பாதை, வலப்பக்கம் காவிரி. இருட்டில் வாழைத்தோட்ட வாசனை மட்டும் கூடவே வந்தது. சின்ன சாமி டில்லிப் பெருமை சொல்லிக்கொண்டு வந்தார். அங்கே ஜட்காவுக்கு டோங்கா என்று பெயராம், பின்பக்கம் பார்த்து உட்கார வேண்டுமாம்.

"அங்க ஆறு இருக்கா?" என்றார் சாமி.

"யமுனை இருக்கேப்பா. புண்ய நதி."

"அதுல வாளை இருக்கா?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"நாலு வருஷமா அங்க இருக்கே. ஒரு நாள் போய்ப் பார்க்கலை?"

எனக்குச் சிரிப்பு வந்தது. குதிரையை அதட்டுகிற மாதிரி அடக்கிக்கொண்டேன்.

ஜீயபுரத்துக்கு முன்னால் வெளுத்துவிட்டது. அப்போது எனக்குக் கிடைத்த சந்தோஷத்தை எழுதாமல் இருக்க முடியாது. இந்த ரோட்டு மைல்கற்களை எனக்கு நாற்பது வருஷமாகத் தெரியும். ஒன்று சாய்ந்த கல், ஒன்று நாய் படுக்கிற கல், ஒன்று சுண்ணாம்பு உரிந்த கல். அன்றைக்குத்தான் அவை எனக்கு எழுத்தாகத் தெரிந்தன. "முசிறி" என்று ஒரு கை காட்டி மரத்தில் சத்தமாகப் படித்தேன். "கு, ளி, த், த, லை" என்று எழுத்துக் கூட்டி அடுத்ததையும் படித்தேன். நாய் படுக்கிற கல்லில் இருந்தது வெறும் எட்டு. இவ்வளவு நாள் என்னமோ பெரிதாக எழுதியிருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

"போறும்டா, ரோட்டுல இருக்கிறதையெல்லாம் படிச்சுண்டே வந்தா மீன் தூங்கப் போயிடும்" என்றார் சாமி. ஆனால் அடுத்த கல் வந்தபோது, "இது என்னன்னு பாரு" என்று அவரேதான் காட்டினார்.

ஜீயபுரத்தில் செவலைக்குத் தண்ணீர் காட்டினேன். சின்ன சாமிக்கும் எனக்கும் காபி, ஆளுக்கு ஓர் அணா. சாமி வெளியில் சாப்பிடமாட்டார், கூஜாவில் கொண்டுவந்திருந்தார். ஸ்ரீரங்கத்திலிருந்து இந்த வழியாக மேலணை ஏறக்குறைய பதின்மூன்று மைல். ஆறரை மணிக்குச் சேர்ந்தோம்.

கோடையில் மேலணை வேறு மாதிரி இருக்கும். ஆடியில் வந்து பார்க்கிறவர்களுக்கு நுரையும் இரைச்சலும்தான் தெரியும். இப்போது ஷட்டரெல்லாம் சாத்தியிருந்தது. கசிகிற தண்ணீர் மட்டும் கீழே பெரிய மடுவில் விழுந்துகொண்டிருந்தது. மடு கருநீலமாக, அசையாமல் கிடந்தது. கிழக்குக் கரையில் மரங்கள் இருப்பதால் வெயில் தண்ணீரில் விழ ஏழரை ஆகும். அதுவரைதான் வாளை மேலே வரும். வெயில் விழுந்துவிட்டால் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், அப்புறம் தங்கத்திலேயே தகடு போட்டாலும் வராது.

மீன் குத்தகைக்காரரின் காவல்காரர் தலைப்பாகையும் தடியுமாக வந்தார். என்னைத் தெரிந்துகொண்டு, "அடேயப்பா! கரண்டிக்கார ஐயரு! இன்னும் இருக்கீங்களா?" என்றார்.

"ஐயங்கார்" என்றார் சாமி.

"எந்தக் காராயிருந்தா என்னங்க, கரண்டி மட்டும்தான் இருக்கு, குழம்புச் சட்டி எங்க?" என்று காவல்காரர் தம் ஜோக்குக்குத் தாமே சிரித்தார். நாலணா வாங்கிக்கொண்டு நகராமல் அங்கேயே வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிட்டார்.

சாமி கழியைப் பூட்டினார். தகட்டை என்னிடமிருந்து வாங்கித் திருப்பிப் பார்த்தார். பளபளப்பு அவர் மூக்கில் அடித்தது. என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"நன்னாத்தான் தேய்ச்சிருக்கே" என்றார். அது பாராட்டா, குற்றமா என்று எனக்குப் புரியவில்லை.

முதல் எறி காலடியிலேயே விழுந்தது. தோளைப் பிடித்துக்கொண்டார். சின்ன சாமிக்கு முகம் வாடியது, எனக்கு மலர்ந்தது. ஆனால் நாலைந்து எறிக்குப் பிறகு அந்தப் பழைய தோள் எங்கிருந்தோ திரும்பி வந்தது. தகடு வளைந்து போய் ஷட்டர் சுவருக்குப் பக்கத்தில் 'ப்ளக்' என்று விழ ஆரம்பித்தது. சாமிக்கு வேண்டுமென்றே மோசமாக எறியத் தெரியாது. அடியைத் தொடும்வரை மூழ்கவிட்டு, மெதுவாக, மிக மெதுவாகச் சுற்றினார். கோடை மீனுக்குச் சோம்பல், வேகமாகப் போவதைத் துரத்தாது என்பார். தகடு கலங்கலில்லாத தண்ணீரில் புரண்டு வருவது கரையிலிருந்தே தெரிந்தது. மின்னும், மறையும், மின்னும். அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு எதற்கு வந்தோம் என்பதே மறந்துவிட்டது. சாமி வீட்டு அம்மா உயிரோடு இருந்த நாளும், செவலைக்கு முன்னால் இருந்த குதிரையும், வெறும் மணலாகக் கிடந்த காவிரியும் ஒவ்வொன்றாக வந்து போயின.

வெயில் மரத்தின் நுனியிலிருந்து இறங்கி மடுவின் பாதிக்கு வந்துவிட்டது. "இன்னும் கொஞ்சம்தான் சாமி, கெளம்பிடலாம்" என்றேன்.

"இருடா. சுவர் ஓரம் ஒண்ணு போடறேன்."

அந்த எறியில் அடித்தது.

கழி வில்லாக வளைந்தது. ராட்டினம் வீல் என்று கத்தியது. மடுவின் நடுவில் வெள்ளி வாள் மாதிரி ஒரு வாளை முழு உடம்போடு மேலே எழும்பி விழுந்தது. காவல்காரர் தடியைப் போட்டுவிட்டு எழுந்து நின்றார். பன்னிரண்டு ராத்தலுக்குக் குறையாது. சாமி காலை அகட்டி நின்றுகொண்டார். ஓடும்போது விட்டார், நிற்கும்போது இழுத்தார். நூல் ஒரு கணம்கூடத் தொய்யவில்லை. பத்து நிமிஷம் இருக்கும். எழுபது வயதுக்காரர் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

சின்ன சாமி டில்லியை மறந்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி, "அப்பா, விடாதீங்கோ! இழுங்கோ! இதோ வந்துடுத்து!" என்று குதித்தார்.

"தொடாதேடா! தொட்டா நீ தலை முழுகணும்!"

"முழுகறேன்ப்பா! இழுங்கோ!"

மீன் களைத்துவிட்டது. பக்கவாட்டில் சாய்ந்து, கரையை நோக்கி வந்தது. அதன் வாயோரத்தில் தகடு மின்னியது. அது வருவதைப் பார்க்கப் பார்க்க எனக்குத் திங்கட்கிழமை ரயில் தெரிந்தது. கிழக்குச் சித்திரை வீதியில் பூட்டிய கதவு தெரிந்தது. மீனுக்கும் கரைக்கும் நடுவில் ஒரு முழம் தண்ணீர். நான் குனிந்து அதன் செவுளைப் பிடிக்க வேண்டும். அது என் வேலை. குனிந்தேன்.

அப்போது நூல் தொய்ந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். சாமி கழியின் நுனியை மெதுவாகத் தண்ணீரைத் தொடுகிற மாதிரி தாழ்த்திக்கொண்டிருந்தார். அவர் மீனைப் பார்க்கவில்லை. மடுவைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாளை தலையை ஓர் உதறு உதறியது. தகடு பறந்து வந்து என் காலடியில் மணலில் விழுந்தது. மீன் ஒரு நொடி நின்று, பிறகு கருநீலத்துக்குள் போய்விட்டது.

"தப்பிச்சுடுத்து" என்றார் சாமி.

"அடப்பாவமே!" என்றார் காவல்காரர்.

சின்ன சாமி தண்ணீரில் நின்றபடியே, "பிடிச்சாச்சேப்பா! இதுவரைக்கும் வந்துடுத்தே! இது பிடிச்ச கணக்குதான்" என்றார்.

"கரை ஏறலையேடா."

"ஒரு முழம்ப்பா! ஒரு முழம்தான் பாக்கி!"

"ஒரு முழமானாலும் தண்ணி தண்ணிதான். பெருமாள் மேல ஆணை வெச்சுட்டுப் பொய்க் கணக்கு எழுதச் சொல்றியா?"

சின்ன சாமி என் பக்கம் திரும்பினார். "மருதை, நீங்க சொல்லுங்க. இது பிடிச்சதா, இல்லையா?"

நான் தகட்டை எடுத்து மணலைத் துடைத்தேன். "கரை ஏறாத மீனு பிடிச்ச மீனு இல்லைங்க சின்ன சாமி. நேத்து வந்த சட்டமில்லை. வண்டி ஸ்டாண்டுல எல்லாருக்கும் தெரியும்" என்றேன். சொன்னது அவ்வளவும் நிஜம்.

சின்ன சாமி தண்ணீரில் மிதந்த நூலைப் பார்த்தார். அப்பா கையைப் பார்த்தார். பிறகு வேட்டியைப் பிழிந்தார்.

"பெரிய மீன் அப்பா" என்றார்.

"ரொம்பப் பெரிசு" என்றார் சாமி. அப்புறம் மீனைத் தொடாமலே ஆற்றில் இறங்கி முழுகினார். பழக்கம்.

எட்டரைக்குக் கிளம்பினோம். திரும்பும்போது சாமி பின்னால் படுத்துத் தூங்கிவிட்டார். சின்ன சாமி முன்னால் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். நாய் படுக்கிற கல் தாண்டிய பிறகு, "அப்பா ராட்டினம் சுத்தறதை இன்னிக்குத்தான் பார்த்தேன். சின்ன வயசுல ஒரு நாள்கூட என்னைக் கூட்டிண்டு வந்ததில்லை" என்றார். பிறகு, "உங்களுக்கு இப்ப எழுத வரும்னு அப்பா சொன்னாரே" என்றார்.

"மெதுவா வருங்க."

"எனக்கு வாராவாரம் ஒரு கார்டு போடுங்க. அப்பா எப்படி இருக்கார், என்ன சாப்பிடறார்னு. இங்க வாராவாரம் கூட்டிண்டு வாங்க. மீன் கரை ஏறித்துன்னா உடனே எழுதுங்க, நான் வந்து கூட்டிண்டு போறேன்."

"கண்டிப்பா எழுதறேங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்பு இருந்த மாதிரிதான் எனக்குப் பட்டது. மறுநாள் சாயங்காலம் ஸ்டேஷனில் அவரை ஏற்றிவிட்டேன். சாமியின் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க சின்ன சாமியே முன்னதாக டிக்கெட் ஜன்னலுக்குப் போயிருந்தார்.

வீட்டுக்காரி ஞாயிறன்று மீன் மசாலா அரைத்தே வைக்கவில்லை. கத்திரிக்காய் புளிக்குழம்பு.

போக நினைக்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஜட்காவுக்குப் போக வர மூன்று ரூபாய் கேட்பார்கள், கொள்ளு விற்கிற விலைக்கு அது நியாயம்தான். பெட்ரோலுக்குப் பதில் கரி அடுப்பு வைத்த பஸ்ஸும் அந்த ரோட்டில் போகிறது. நடுவில் நின்றால் இறங்கித் தள்ளச் சொல்வார்கள், வெள்ளை வேட்டியோடு ஏறாதீர்கள். கோட்டை ஸ்டேஷனில் ரயிலேறி எலமனூரில் இறங்கி நடந்து போகிறவர்களும் உண்டு. குடிதண்ணீர் கொண்டுபோங்கள். காவல்காரரிடம் கேட்காமல் தூண்டில் போடாதீர்கள். தகடு போடுகிறவர்கள் வெயில் தண்ணீரில் விழுவதற்குள் போய்விட வேண்டும், சாயங்காலமானால் வெயில் இறங்கிய பிறகு. பித்தளைத் தகடு போதும். ஒரு பக்கம் துலக்குங்கள், மறுபக்கத்தை அப்படியே விடுங்கள். அடியைத் தொட்ட பிறகு மெதுவாகச் சுற்றுங்கள். பாறையில் மாட்டினால் வெடுக்கென்று இழுக்காமல் எதிர்ப்பக்கம் நடந்து போய் இழுங்கள். நூல் தொய்யக் கூடாது என்பதை மறக்காதீர்கள். தொய்ய வேண்டிய நேரம் வந்தால் உங்களுக்கே தெரியும்.

முதல் கார்டை நேற்று எழுதிப் போட்டேன். எழுத்துப் பிழையில்லை என்று வாத்தியார் சொன்னார். அதில் இருந்தது இவ்வளவுதான்: சாமி சௌக்கியம். இரண்டு வேளையும் நன்றாகச் சாப்பிடுகிறார். வரும் ஞாயிறு மேலணைக்குப் போகிறோம். தகடு துலக்கியாயிற்று.

அடுத்த வாரம் திரும்பி வந்ததும் உங்களுக்கும் எழுதுவேன். அதற்குள் என் கையெழுத்து கொஞ்சம் தேறியிருக்கும். மீன் கரை ஏறியிருக்காது.